சரண் புகுந்த பிறகு

இராமானுஜர் காவிரிக்கு நீராடப் போகும்போது அந்தணச் சீடர் ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு போவார். நீராடித் திரும்பும்போது பிள்ளை உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். வைணவ குருபரம்பரைக் கதைகள் இதைச் சொல்கின்றன. தாசர் உறையூர்க்காரர், மல்லர், பிறப்பால் நான்காம் வருணத்தவர். குளித்துத் தூய்மையான பிறகு ஆசாரியர் போயும் போயும் அவரையா தொடுவது என்று மடத்தில் பலருக்கு மனக்குறை. தாசரைத் தொட்டால்தான் குளித்ததன் பலனே நிறைவாகிறது என்பது இராமானுஜரின் எண்ணம்.

தாசர் மடத்துக்கு வந்து சேர்ந்த கதையைத் தமிழ்நாட்டில் பலரும் கேட்டிருப்பார்கள். மனைவி பொன்னாச்சியாரின் கண்களில் அவருக்கு அப்படியொரு மயக்கம். அரங்கன் திருவிழாக் கூட்டத்தில், மனைவியின் முகத்தில் வெயில் படக் கூடாது என்று குடை பிடித்தபடி, ஊர் சிரிப்பதைக் கொஞ்சமும் பொருட்படுத்தாமல் நடந்துகொண்டிருந்தார். இராமானுஜர் அவரைக் கூப்பிட்டு விசாரித்தார். இந்தக் கண்களைவிட அழகான கண்களைக் காட்டினால் அவற்றுக்கு ஆட்படுவாயா என்று கேட்டார். தாசர் ஒப்புக்கொண்டார். அரங்கத்து மூலவரான பெரிய பெருமாள் சந்நிதியில் அந்தக் கண்களைப் பார்த்தவர் அங்கேயே தங்கிவிட்டார். கணவனும் மனைவியும் உறையூரை விட்டு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார்கள்.

மேடைகளில் கதை பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறது. உண்மையில் கேள்வி இங்கேதான் பிறக்கிறது. ஒருவர் ஒரு கணத்தில் சரணடைந்துவிடலாம். அதற்குப் பிறகு அவர் வாழப் போகும் வருஷங்கள் எப்படி இருக்கும்? காசு, கோபம், அவமானம், பகை எல்லாம் மறுநாள் காலையிலும் வாசலில் வந்து நிற்குமே. சரணாகதி ஆளை மாற்றுகிறதா, பழைய ஆளின் நெற்றியில் புதிதாகத் திருமண் மட்டும் இட்டுவிடுகிறதா? வைணவ ஆசாரியர்கள் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை. வேறு எதைக் காட்டிலும் இதில்தான் அவர்கள் கண்டிப்பாக இருந்தார்கள்.

முதலில், சரணாகதி யாருக்கு என்பதைப் பார்த்துவிடலாம். இராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் விரிக்கும் பக்தி யோகம் எளிதில் கைவருவதில்லை. அதற்கு வேதம் படித்திருக்க வேண்டும், கருமங்களை முறையாகச் செய்ய வேண்டும், உயிர் பிரியும் வரை தியானம் அறுபடக் கூடாது, கடைசி மூச்சிலும் இறைவன் நினைவு இருக்க வேண்டும். வேதம் படிக்க அந்தக் காலம் இடம் கொடுக்காத பெண்களுக்கும் நான்காம் வருணத்தாருக்கும், வருணக் கணக்குக்கே வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் அந்த வாசல் திறக்கவே இல்லை. பிரபத்தி என்ற சரணாகதி அவர்கள் எல்லோருக்குமான வழி. பாஞ்சராத்திர நூல்கள் அதற்கு ஆறு உறுப்புகள் சொல்கின்றன. இறைவனுக்கு உகந்ததைச் செய்வது, உகக்காததை விடுவது, அவன் காப்பான் என்று முழுதாக நம்புவது, காக்கும்படி கேட்டுக்கொள்வது, தன்னை அவனிடம் ஒப்படைப்பது ஆகிய ஐந்தும் எந்தப் பக்தருக்கும் பழக்கமானவைதாம். ஆறாவதுதான் கடினம்: தன் கையில் வேறு எந்த முதலும் இல்லை என்று ஒருவர் உள்ளபடியே உணர்வது. படிப்பு இருக்கிறது, குலம் இருக்கிறது, செய்த புண்ணியம் இருக்கிறது என்று நினைப்பவருக்கு இது லேசில் வராது. எதுவும் இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு இயல்பாகவே வரும். சமூகத்தின் கடைசி வரிசையில் நின்றவர்கள் இந்த மரபில் முன்வரிசைக்கு வந்ததற்கு இதுவே காரணம் என்று தோன்றுகிறது.

ஸ்ரீரங்கத்தில் அரங்கனும் ரங்கநாயகித் தாயாரும் ஒரே ஆசனத்தில் வீற்றிருக்கும் சேர்த்தி சேவை வருஷத்தில் ஒரே ஒரு நாள், பங்குனி உத்திரத்தன்று நடக்கிறது. அப்படியொரு பங்குனி உத்திரத்தில்தான் இராமானுஜர் அந்தத் திருமுன்பு நின்று சரணடைந்தார் என்பது மரபு. அப்போது அவர் விண்ணப்பித்ததே சரணாகதி கத்யம். இன்றும் அந்த நாளில் அங்கே கத்யம் சேவிக்கிறார்கள். பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய மேதை, கோயில் நிர்வாகத்தையே சீர்படுத்தியவர், நூற்றுக்கணக்கான துறவிகளுக்கு ஆசாரியர். அந்த விண்ணப்பத்தில் அவர் தம் சாதனை எதையும் எடுத்துச் சொல்லவில்லை. மனத்தாலும் வாக்காலும் உடலாலும் செய்த குற்றங்களை, செய்ததையும் செய்துகொண்டிருப்பதையும் இனிச் செய்யப் போவதையும் சேர்த்து, பொறுக்க வேண்டும் என்று மன்றாடுகிறார். இனிச் செய்யப் போவதையும் என்ற இடத்தில் வாசகர் ஒரு கணம் நின்று போவது நல்லது. சரணடைந்த பிறகு தாம் குற்றமற்றவராகிவிடுவோம் என்று இராமானுஜரே நினைக்கவில்லை.

அவருக்குப் பின் வந்த பிள்ளை லோகாசாரியார் ஸ்ரீவசன பூஷணத்தில் இதை இன்னும் துணிவாகச் சொல்கிறார். சரணடைய இடக் கணக்கு இல்லை, காலக் கணக்கு இல்லை, முறைக் கணக்கு இல்லை, ஆள் கணக்கும் இல்லை. யாரிடம் சரணடைகிறோம் என்பது ஒன்றே கணக்கு. அதற்கு அவர் காட்டும் சான்று திரௌபதி. துரியோதனன் சபைக்கு இழுத்து வரப்பட்டபோது அவள் தீட்டு நாளில் இருந்தாள். குளித்து வந்தா கண்ணனைக் கூப்பிட்டாள் என்று கேட்கிறார் லோகாசாரியார். சுமார் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆசாரியர் எழுதியது இது. கோயில் வாசலில் பெண்களின் உடலை வைத்து இன்றும் நடக்கும் சச்சரவுகளை நினைத்தால், இந்த இடத்தை நாம் சரியாகப் படிக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

லோகாசாரியாரின் வழியில் வந்தவர்களுக்கும் வேதாந்த தேசிகரின் வழியில் வந்தவர்களுக்கும் பிற்காலத்தில் பிணக்கு மூண்டதை எல்லோரும் அறிவார்கள். பூனைக்குட்டி, குரங்குக்குட்டி உவமையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அதைவிட, இரு தரப்பும் மோதிக்கொண்ட ஒரு சிறிய கேள்வி நம் விஷயத்துக்கு நெருக்கமானது. சரணடைந்த ஒருவர் அதன் பிறகு அறிந்தே ஒரு பாவத்தைச் செய்தால் என்ன ஆகும்? மறுபடியும் மன்னிப்பு வேண்டிச் சரணடைய வேண்டும், இல்லாவிட்டால் இந்த உடம்போடேயே அதற்குரிய சிறு தண்டனையை அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்பது தேசிகர் பக்கம். முதல் சரணாகதியிலேயே எல்லாம் அடங்கிவிட்டது, இரண்டாவது முறை கேட்பது முதல் முறை நம்பவில்லை என்று காட்டிக்கொள்வதாகும் என்பது லோகாசாரியார் வழி வந்த தென்கலைப் பக்கம். ஆழ்ந்து பார்த்தால் இருவருமே ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள். மன்னிப்பு உறுதியாக இருக்கிறது என்று தைரியமாகத் தப்புச் செய்கிற ஒருவர் இருந்தால், அவருக்குச் சரணாகதி நிகழவே இல்லை என்பதே இரு தரப்பின் முடிவும். விருட்சத்தைக் கனியால் அறிவதுபோலச் சரணாகதியை அதற்குப் பிந்தைய நடத்தையால்தான் அறிய வேண்டும்.

தாசரின் வீட்டில் இராமானுஜர் வைத்த சோதனை அந்த நடத்தையைத்தான் வெளிக்காட்டியது. மடத்துச் சீடர்களின் முணுமுணுப்புக்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு நாள் இரவு, அவர்கள் உலர்த்தியிருந்த துணிகளில் கொஞ்சம் கொஞ்சம் கிழித்துவிடும்படி ஏற்பாடு செய்தார். பொழுது விடிந்ததும் மடமே அமளிதுமளிப்பட்டது. நீ கிழித்தாயா, நான் கிழித்தேனா என்று ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டார்கள். எல்லோரும் வேதாந்தம் கேட்டவர்கள்.

அதற்குப் பிறகு அதே சீடர்களை அழைத்தார். தாசரைத் தாம் இரவில் நெடுநேரம் மடத்திலேயே பேச்சில் நிறுத்திவைப்பதாகவும், அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போய், உறங்கும் பொன்னாச்சியாரின் நகைகளைக் கழற்றிக்கொண்டு வரும்படியும் சொன்னார். போனார்கள். பொன்னாச்சியார் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மேலே தெரிந்த பக்கத்தில் இருந்த நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அவர் உறங்கவில்லை. வந்திருப்பவர்கள் திருமண் இட்ட வைணவர்கள், பாவம், என்ன வறுமையோ என்று நினைத்து, மூச்சுக்கூட மாறாமல் கிடந்தார். ஒரு பக்கத்து நகைகள் போனதும், மறு பக்கத்தையும் எடுத்துக்கொள்ளட்டுமே என்று, தூக்கத்தில் புரள்வதுபோல மெல்லத் திரும்பிப் படுத்தார். விழித்துக்கொண்டார் என்று பயந்து அவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

இராமானுஜர் இப்போது தாசரை வீட்டுக்கு அனுப்பினார். பின்னாலேயே போய் அங்கு நடக்கும் பேச்சைக் கேட்டு வரும்படி சீடர்களிடம் சொன்னார். ஒரு பக்கம் நகையும் ஒரு பக்கம் வெறுமையுமாக நின்ற மனைவியைப் பார்த்து தாசர் என்ன நடந்தது என்று கேட்டார். பொன்னாச்சியார் நடந்ததைச் சொன்னார். தாசருக்குத் தாங்க முடியாத வருத்தம். மறு பக்கத்து நகைகளும் போகாமல் தங்கிவிட்டனவே என்ற வருத்தம். பெருமாள் பொருளைப் பெருமாள் அடியார்கள் எடுத்துப் போகிறார்கள் என்று அப்படியே கிடந்திருந்தால் எல்லாம் போயிருக்கும், என் நகை, நான் கொடுக்கிறேன் என்ற நினைப்பு உனக்கு வந்ததால் அல்லவா புரண்டு படுத்தாய் என்று மனைவியைக் கடிந்துகொண்டார். வெளியே நின்று கேட்ட சீடர்கள் மடத்துக்குத் திரும்பி அப்படியே ஒப்பித்தார்கள். கிழிந்த துணிக்காகக் காலையில் நீங்கள் பேசியதையும் இவர்கள் வீட்டில் இரவு பேசியதையும் சேர்த்துப் பாருங்கள், யாருடைய நடத்தை உயர்ந்த குலத்தாருடைய நடத்தை என்று இராமானுஜர் கேட்டார்.

திருட வந்தவர்மேல் இரக்கப்பட்டு மிச்சத்தையும் கொடுக்க முன்வருவதை எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பெருங்குணம் என்றுதான் சொல்வார்கள். இந்த மரபு அந்த இடத்திலும் நிற்காமல், கொடுக்கிற கைக்குள் ஒளிந்திருக்கும் ‘நான்’ என்பதைத் தேடிப் பிடிக்கிறது. தாசர் சொன்னது நுட்பமானது. ஆனாலும் இருளில் நகை கழற்றும் கைகளைப் பார்த்ததும், கோபத்துக்கும் பயத்துக்கும் முன்னால் ஒரு பெண்ணுக்கு இரக்கம் வந்ததே, அது தாசரின் தத்துவத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. கதையைச் சொல்பவர்கள் தாசரை உயர்த்தி அந்த அம்மையாரை ஒரு படி கீழே இறக்கி வைத்துவிடுகிறார்கள். அது நியாயமாகப் படவில்லை.

தாசரின் தொழிலும் மறைந்துவிடவில்லை. மல்லராக இருந்தவர் அரங்கத்து உற்சவரான நம்பெருமாள் புறப்பாட்டின்போது உருவிய வாளோடு முன்னே நடந்து காவல் செய்தார். உலகையே காப்பவனுக்கு மல்லர் ஒருவர் காவல் எதற்கு? பெருமாளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கவலைப்படும் அந்த அன்பை வைணவர்கள் பொங்கும் பரிவு என்று கொண்டாடுகிறார்கள். சரணடைந்தவர் தம் இயல்பைத் துடைத்துப் போட வேண்டியதில்லை, மனைவிமேல் இருந்த அதே மிகையான பரிவு இங்கே வேறு பக்கம் திரும்பியிருக்கிறது.

நகை, பொருள், சொத்து என்று பேச்சு வரும்போது கூரத்தாழ்வானை விட்டுவிட்டு மேலே போக முடியாது. காஞ்சிக்கு அருகே உள்ள கூரத்தில் பெருஞ்செல்வர். நாள் முழுவதும் அன்னம் வழங்கும் மாளிகை. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கத்துக்கு நடக்கத் தொடங்கினார். காட்டு வழியில், இங்கே பயம் ஏதும் உண்டா என்று மனைவி கேட்டார். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம், கையில் ஏதாவது இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்டார். நீங்கள் அமுது செய்ய ஒரு பொன் வட்டில் மட்டும் எடுத்து வந்தேன் என்றார் அந்த அம்மையார். அதை வாங்கி இருட்டில் வீசிவிட்டு நடந்தார் ஆழ்வான். சைவத்திலும் இதற்கு இணை உண்டு. திருப்புகலூரில் உழவாரத்தால் புல் செதுக்கிய இடமெல்லாம் பொன்னும் மணியும் மின்னியபோது, திருநாவுக்கரசர் அவற்றையும் பருக்கைக் கல்லோடு கல்லாக வாரிக் குளத்தில் எறிந்தார் என்று சேக்கிழார் பாடியிருக்கிறார்.

ஆனால் பொருளைத் துறப்பது எளிய பகுதி என்றே சொல்லலாம். பகைவரை என்ன செய்வது என்பதுதான் கடைசிப் பரீட்சை. இராமானுஜரைப் பிடித்து வரச் சோழ மன்னன் ஆள் அனுப்பியபோது, ஆசாரியரின் காவியைத் தாம் உடுத்துக்கொண்டு கூரத்தாழ்வான் அரசவைக்குப் போனார். இராமானுஜரின் ஆசாரியரான பெரிய நம்பியும் உடன் போனார். இருவரும் கண்களை இழந்தார்கள். பெரிய நம்பி திரும்பி வரும் வழியிலேயே உயிர் நீத்தார். இராமானுஜரும் கூரத்தாழ்வானும் மன்னன் சொன்னதை ஒப்பவில்லை என்றால் மற்றவர்கள் ஒப்பி என்ன பயன் என்று மன்னனுக்கு எடுத்துக்கொடுத்தவன் நாலூரான். அப்போது தப்பி மேல்கோட்டைக்குப் போயிருந்த இராமானுஜர் பல ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். ஆழ்வானைக் காஞ்சிக்கு அழைத்துப் போய், வரதராஜப் பெருமாளிடம் கண்ணைக் கேட்கச் சொன்னார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடினார். பெருமாள் என்ன வேண்டும் என்றபோது, தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெற வேண்டும் என்று கேட்டுவிட்டு வந்து நின்றார். இராமானுஜருக்கே முதலில் அது மனத்தாங்கலாக இருந்ததாம். தம் கண் போகக் காரணமானவனுக்கு மோட்சம் கேட்பதற்கு மன உறுதி மட்டும் போதாது. தீங்கு செய்தவன், தீங்கு பட்டவன் என்ற கணக்கேட்டையே மூடிவைத்துவிட்டால்தான் அது முடியும். ஆறாவது உறுப்பு ஒருவருக்குள் முழுதாக இறங்கினால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான வாழ்க்கை இல்லை.

இங்கே ஒரு நெருடலான உண்மையையும் சொல்லாமல் இருக்க முடியாது. அடியார் கதைகள் எல்லாமே இப்படிக் கனிந்தவை அல்ல. திருமங்கையாழ்வார் வழிப்பறி செய்து அடியார்களுக்கு அன்னமிட்டார் என்றும், நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் சிலையைக் கவர்ந்து வந்து ஸ்ரீரங்கத்தில் திருமதில் எழுப்பினார் என்றும் குருபரம்பரையே சொல்கிறது. பெரியபுராணத்தில் கோட்புலி நாயனார், சிவனுக்கென்று வைத்த நெல்லை எடுத்து உண்ட சுற்றத்தாரை, பால்குடிக்கும் குழந்தை உட்பட, வெட்டிச் சாய்க்கிறார். பக்தியின் தீவிரத்தைக் காட்ட எழுந்த கதைகள் இவை என்று சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானம் போதாது. இறைவனுக்குத் தன்னை முழுதாகக் கொடுத்துவிட்டேன் என்று நினைக்கும் மனம், அடுத்தவர் உயிரையும் அடுத்த சமயத்தார் தெய்வத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. அடியார்களை வணங்கலாம். அவர்கள் செய்த எல்லாவற்றையும் வணங்க வேண்டும் என்று எந்த ஆசாரியரும் கட்டாயப்படுத்தவில்லை. கூரத்தாழ்வானையும் கோட்புலியையும் ஒரே தட்டில் வைக்க மனசாட்சி இடம் தராவிட்டால், அந்த மனசாட்சியைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு அபாயம் ஆசாரியர் பக்கம் இருக்கிறது. சரணாகதியை மனிதருக்கு மனிதர் கேட்டு வாங்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நம் காலத்துச் செய்தித்தாள்களுக்குத் தெரியும். இந்த மரபில் ஆசாரிய பக்திக்குப் பெரிய இடம் உண்டு என்பதையும் மறுக்க முடியாது. திருக்கோளூரில் அந்தணராகப் பிறந்த மதுரகவி, வயதில் தம்மைவிட மிக இளையவரான, வேளாளர் குலத்தில் பிறந்த நம்மாழ்வாரையே தெய்வமாகக் கொண்டார். அவர் பாடியது 11 பாசுரங்கள்தாம். அவையும் நம்மாழ்வாரைப் பற்றியவை. அதற்காகவே அவரை ஆழ்வார்களோடு சேர்த்து எண்ணுகிறார்கள்.

இவ்வளவு பெரிய இடத்தை ஆசாரியருக்குக் கொடுத்துவிட்டு, லோகாசாரியார் அந்த இடத்தைச் சுற்றி வேலியும் போட்டிருக்கிறார். ஆசாரியர் தம்மை ஆசாரியர் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. எதிரே இருப்பவரைத் தம் சீடர் என்றும் நினைக்கக் கூடாது. உபதேசிப்பவரும் கேட்பவரும் தம் ஆசாரியருக்குச் சீடர்களே என்பதுதான் அவர் எண்ணமாக இருக்க வேண்டும். அப்படி நினைக்காமல் உபதேசம் செய்வது கொடிய செயல் என்கிறார். பொருள் விஷயத்தில் இன்னும் கறார். சீடரின் பொருளை ஆசாரியர் வாங்கினால் அவர் தரித்திரர், தன் பொருள் என்று சீடர் கொடுத்தால் அவர் திருடர். எல்லாம் இறைவனுடையதாக இருக்கும்போது, கொடுப்பவருக்குக் கொடுக்க ஏது, வாங்குபவருக்கு வாங்க ஏது? பொன்னாச்சியார் புரண்டு படுத்ததில் தாசர் கண்ட அதே குற்றத்தைத்தான் லோகாசாரியார் இங்கே சட்டமாக்கி வைத்திருக்கிறார். காணிக்கைக்குக் கட்டணப் பட்டியல் ஒட்டும் எந்த ஆசிரமத்தின் வாசலிலும் ஸ்ரீவசன பூஷணத்தின் இந்தப் பகுதியைத் திறந்துவைத்துப் படிக்கலாம்.

அடியாரின் பிறப்பைப் பற்றி அந்த நூல் சொல்வது இதைவிடக் கடுமையானது. ஒரு வைணவரின் சாதியை ஆராய்வது, பெற்ற தாயின் கற்பை ஆராய்வதற்குச் சமமான குற்றம் என்கிறது. லோகாசாரியாரின் தம்பி அழகிய மணவாளப் பெருமாள் நாயனாரும் ஆசார்ய ஹிருதயத்தில் இதே தர்க்கத்தை நீட்டியிருக்கிறார். இது வெறும் ஏட்டுப் பேச்சாக நின்றுவிடவில்லை என்பதற்கு மாறனேரி நம்பியின் கதை சான்று.

மாறனேரி நம்பி, இராமானுஜருக்கு முந்தைய ஆசாரியரான ஆளவந்தாரின் சீடர். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். ஆளவந்தாருக்கு வந்த ராஜபிளவை நோயைக் குருவின் பிரசாதமாகத் தாம் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த நோயில் அவர் படுத்திருந்தபோது பணிவிடை செய்தவர் உடன் சீடரான பெரிய நம்பி, பிறப்பால் அந்தணர், இராமானுஜருக்கே சமாசிரயணம் என்னும் வைணவ தீட்சை செய்துவைத்த ஆசாரியர். தம் உடலுக்குச் செய்ய வேண்டியதைப் பெரிய நம்பியே செய்ய வேண்டும் என்பது மாறனேரி நம்பியின் விருப்பம். உயிர் பிரிந்ததும் பெரிய நம்பி, உயர்ந்த அந்தணர் ஒருவருக்குச் செய்யும் பிரம்மமேத சம்ஸ்காரத்தை அவருக்குச் செய்து முடித்தார்.

ஊர் பெரிய நம்பியை ஒதுக்கிவைத்தது. இராமானுஜர் வந்து, நான் ஒரு பக்கம் வேலி கட்டிக்கொண்டிருக்கிறேன், தேவரீர் இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். ஊருக்குச் சொல்ல வேண்டிய பதிலை வரவழைப்பதற்காகவே அவர் அப்படிக் கேட்டார் என்று கொள்வதுண்டு. பெரிய நம்பி வருத்தமும் படவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. ஜடாயுவுக்கு ஈமக்கடன் செய்த இராமனைவிட நான் உயர்ந்தவனா, அந்தப் பறவையைவிட இவர் தாழ்ந்தவரா என்று கேட்டார். விதுரருக்குச் செய்த தருமரைவிட நான் உயர்ந்தவனா, விதுரரைவிட இவர் தாழ்ந்தவரா என்றும் கேட்டார். ஆழ்வார்கள் அடியார்க்கு அடியார் என்று பாடியதெல்லாம் வெறும் கடலோசைதானா என்பது அவர் கேட்டதன் சாரம்.

இது பதினொன்றாம் நூற்றாண்டு நிகழ்ச்சி. பாணர் குலத்தில் பிறந்த திருப்பாணாழ்வாரை லோகசாரங்க முனிவர் தோளில் சுமந்து அரங்கன் முன் கொண்டுபோனதும், 10 பாசுரங்கள் பாடி அவர் அந்த அழகிலேயே கலந்ததும் அதற்கும் முன்பு. வேதாந்த தேசிகரே அந்தப் பத்துப் பாசுரங்களுக்கு முனிவாகன போகம் என்று உரை எழுதினார். இத்தனைக்கும் பிறகு, வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காலடி வைக்க 1939 ஜூலை 8 வரை, அ. வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துப் போகும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணம் முழுவதற்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947-இல்தான் வந்தது. ஆழ்வார் சந்நிதியில் திருப்பாணருக்குத் திருமஞ்சனம் செய்தவர்கள் அவருடைய குலத்தாரை வீதியிலேயே நிறுத்தியிருந்தார்கள். சரணாகதியைப் பற்றி எழுதிய ஆசாரியர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. சரணடைந்தோம் என்று சொல்லிக்கொண்டவர்கள்தாம் ஆறாவது உறுப்பை விட்டுவிட்டு ஐந்தோடு நின்றார்கள். குலம் என்ற முதலைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே கைகளைக் கூப்பினார்கள்.

மார்கழி வந்தால் ஊருக்கு ஊர் உபன்யாசங்கள் நடக்கின்றன. இராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறிய கதை, தாசர் குடை பிடித்த கதை, கூரத்தாழ்வான் காவி உடுத்த கதை எல்லாம் உருக்கமாகச் சொல்லப்படுகின்றன. மாறனேரி நம்பியின் பெயரை அந்த மேடைகளில் கேட்பது அரிது. உபன்யாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு மாலைப் பொழுதை முழுதாக அவருக்கு ஒதுக்குங்கள். பெரிய நம்பி கேட்ட கேள்விகளை ஒன்று விடாமல் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் அறங்காவலர்கள் இருப்பார்கள், தேர் வடத்தை யார் தொடலாம் என்று ஊரில் முடிவு செய்கிறவர்களும் இருப்பார்கள்.